பிறவுயிர் மனமும் கவிஞர் சொல்லும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் கற்பிக்கும் ஒருத்தி, மெய்யியல் பேராசிரியர் ஒருவரின் விலங்கு மன ஆய்வைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கு அத்துறையில் பட்டமில்லை; வாசகி என்ற உரிமை மட்டுமே உண்டு. அந்த வாசிப்புக்கு என்னைத் தள்ளியது ஒரு மாணவியின் கேள்வி. எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை வகுப்பில் குறுந்தொகையின் 69ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். கடுந்தோட் கரவீரன் பாடியது. ஆண்குரங்கு இறந்துபடுகிறது. கைம்மையைத் தாங்கமாட்டாத மந்தி, தன் தொழிலை இன்னும் கற்றுத் தேறாத குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு, உயர்ந்த மலைச்சரிவிலிருந்து பாய்ந்து உயிரை விடுகிறது. அத்தகைய மலைநாட்டுத் தலைவனிடம், நள்ளிரவில் வாராதே, உனக்கு ஏதேனும் நேருமோ என்று நாங்கள் வருந்துகிறோம் என்கிறாள் தோழி. பாடலின் நயத்தை விளக்கி முடித்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அம்மா, குரங்குக்குக் கைம்மை உண்டா?" என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "கவிதையில் அப்படியெல்லாம் கேட்கக்கூடாதம்மா, அது புலவனின் கற்பனை" என்று சொல்லி அவளை உட்காரவைத்தேன். மணியடித்தது. ஆனால் அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அவள் கேட்டது இலக்கணக் கேள்வியன்று. உண்மை பற்றிய கேள்வி. கணவனை இழந்த பெண்ணுக்கு மனிதச் சமூகம் வகுத்த ஒரு நிலையைக் குரங்கின் நெஞ்சில் வைத்தது யார், எந்த உரிமையில் என்பதே அக்கேள்வியின் பொருள். பெண்ணாகிய நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அணியிலக்கணத்தில் இதற்கொரு பெயருண்டு. இயல்பாக நிகழும் நிகழ்ச்சியின்மீது புலவன் தன் கருத்தை ஏற்றிச் சொல்வதைத் தற்குறிப்பேற்றம் என்கிறோம். பெயரைச் சொல்லி, எடுத்துக்காட்டைச் சொல்லி, மதிப்பெண் வாங்கவும் வைத்துவிடுகிறோம். ஏற்றியதை நீக்கிவிட்டால் அந்த உயிரிடம் எஞ்சுவது என்ன என்று நாம் கேட்பதில்லை. அதையே வாழ்நாட் கேள்வியாக்கிக்கொண்ட அறிஞர்களில் ஒருவர் பீட்டர் காட்ஃப்ரி-ஸ்மித்.

இவர் ஆஸ்திரேலியர். ஸ்டான்ஃபோர்டு, ஹார்வர்டு, நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் மெய்யியல் கற்பித்துப் பின்னர் சிட்னிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். அறிவியலின் மெய்யியல் அவருடைய துறை. 2016இல் வெளிவந்த 'அதர் மைண்ட்ஸ்' அவருக்குப் பெரும்புகழ் தந்தது; 'பிற மனங்கள்' என்று நாம் அதைச் சொல்லலாம். தொடர்ந்து 2020இல் 'மெட்டாசோவா', 2024இல் 'லிவிங் ஆன் எர்த்' ஆகியவை வந்தன. மூன்றும் ஒரே வினாவை மூன்று பக்கங்களிலிருந்து அணுகுபவை. மெய்யியலார் பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்து சிந்திப்பவர்கள் என்பது நம் எண்ணம். இவர் மூச்சுக்கருவி பூட்டிக் கடலுக்குள் இறங்கியவர். ஆக்டோபஸ் வாழும் வளையின் எதிரே மணிக்கணக்கில் காத்திருந்து கண்டவற்றைத்தான் எழுதினார்.

ஆக்டோபஸ் என்றால் நம் கடற்கரையில் பேய்க்கணவாய். ஓட்டுக்கணவாய், ஊசிக்கணவாய் என்று அதன் உறவினங்களுக்கெல்லாம் உருவத்தைக் கொண்டு பெயரிட்ட நம் மீனவர்கள், இதற்கு மட்டும் பேயின் பெயரைச் சூட்டினார்கள். சிறுவயதில் மீன்சந்தையில் அப்பெயரைக் கேட்டு நான் அன்னையின் பின்னால் ஒளிந்ததுண்டு. காட்ஃப்ரி-ஸ்மித் பெரிதும் ஆராய்ந்த ஆஸ்திரேலிய இனத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயருக்குத் 'துயரம் தோய்ந்த ஆக்டோபஸ்' என்பது பொருள். ஓரிடத்தில் பேய், ஓரிடத்தில் துயரம். இரண்டும் பார்த்தவர் மனத்திலிருந்து வந்தவை. தற்குறிப்பேற்றம் புலவர்க்கு மட்டும் உரியதன்று என்பதை இதனால் அறிகிறோம்.

அந்த உயிரைப் பற்றி ஆய்வுகள் தரும் செய்திகள் சிலவற்றைச் சொல்கிறேன். அதற்கு இதயங்கள் மூன்று. உடலில் ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் உள்ளன. மனிதருக்கு ஏறத்தாழ 8,600 கோடி. எனினும் முதுகெலும்பில்லாத உயிருக்கு 50 கோடி என்பது மிகப் பெரிய எண். நாயின் அளவோடு ஒப்பிடத்தக்கது. வியப்பு எண்ணிக்கையில் மட்டுமில்லை. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு மூளையில் இல்லாமல் எட்டுக் கைகளிலும் பரவிக் கிடக்கிறது. ஒவ்வொரு கையும் தொடுகிறது, சுவைக்கிறது, ஓரளவு தானே செயல்படுகிறது. அத்தகைய உடலில் 'நான்' என்பது எங்கே இருக்கும்? ஒன்றா, பலவா? நம் இலக்கணத்தில் தன்மைக்கு ஒருமை, பன்மை என இரண்டே இடங்கள். இந்த உயிர் அவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்பதுபோல் தோன்றுகிறது.

நமக்கும் அதற்கும் பொதுவான முன்னோர் வாழ்ந்த காலம் ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அது சிறிய புழுப்போன்ற உயிராக இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அங்கிருந்து இரு கிளைகளும் தனித்தனியே பிரிந்து வளர்ந்தன. ஒன்றில் நாம், மற்றொன்றில் நத்தை, சிப்பி, கணவாய். ஆகவே ஆக்டோபஸிடம் நாம் காணும் அறிவு நம்மிடமிருந்து கிளைத்ததன்று. இயற்கை மனத்தை மற்றுமொருமுறை புதிதாகக் கட்டிய கட்டடம் அது என்பது இவருடைய கருத்து. வேற்றுலக உயிர் ஒன்றைச் சந்திக்க விரும்புவோர்க்கு இதைவிட அருகில் வாய்ப்பில்லை என்கிறார்.

இங்கே நம் தொல்காப்பியத்தை நினையாமல் இருக்க முடியவில்லை. மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கிறது. புல் மரங்களுக்கு ஓரறிவு, நத்தை சிப்பிகளுக்கு ஈரறிவு, கறையான் எறும்புகளுக்கு மூவறிவு, நண்டு வண்டுகளுக்கு நான்கறிவு, விலங்குகளுக்கு ஐந்தறிவு, மனம் சேர்ந்த ஆறறிவு மக்களுக்கு. புல்லுக்கும் ஓரறிவு உண்டென்று தொடங்கியமை நாம் பெருமிதம் கொள்ளத்தக்கது. அறிவு என்பது மனிதரிடம் திடீரென்று தோன்றியதில்லை, படிப்படியாக அமைந்தது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. மக்களைச் சொன்ன பிறகும் அக்கிளையில் பிறவும் உள்ளன என்று கதவை அடைக்காமல் செல்வதும் கருதத்தக்கது.

ஆனால் பெருமிதத்தோடு நின்றுவிடக் கூடாது. பேய்க்கணவாய் நத்தையின் உறவு. அந்த வகுப்பின்படி இரண்டாம் படியில் நிற்க வேண்டியது. அதற்கோ நம் கண்ணைப் போன்றே ஒளிவில்லை கொண்ட கண் தனியாக அமைந்திருக்கிறது. பழகிய மனிதரையும் புதியவரையும் அது வேறுபடுத்தி அறிகிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூட விளக்குகள்மீது நீரைப் பீய்ச்சி அவற்றை அணைக்கக் கற்றுக்கொண்ட ஆக்டோபஸ் ஒன்றை, செலவு தாங்காமல் கடலிலேயே கொண்டுபோய் விட்டார்கள் என்ற செய்தியையும் இவர் நூலில் காண்கிறோம். ஏணியாக எண்ணிய வகுப்பு, உண்மையில் கிளைகள் பல கொண்ட மரம். ஒரு கிளையின் உச்சியில் நாம் இருப்பதால் மற்றக் கிளைகளுக்கு உச்சி இல்லை என்று ஆகாது.

இனி, நனவு என்னும் சிக்கலுக்கு வருகிறேன். பிரக்ஞை என்று சிற்றிதழ்களில் நாம் எழுதுவதும் இதைத்தான். 1974இல் தாமஸ் நேகல் என்னும் அமெரிக்க மெய்யியலார், வௌவாலாக இருப்பது எப்படியிருக்கும் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். எதிரொலியால் உலகை அறியும் அவ்வுயிரின் உடற்கூற்றை எவ்வளவு துல்லியமாகக் கற்றாலும், அதற்கு உள்ளே இருந்து உலகம் எப்படித் தோன்றுகிறது என்பது நமக்கு எட்டாது என்பது அவர் வாதத்தின் சாரம். அதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட டெக்கார்ட்டோ, விலங்குகளின் செயல்களை எந்திரத்தின் இயக்கத்தைப் போலவே விளக்கிவிடலாம் என்று கருதினார். ஒருபுறம் எட்டாது என்னும் வியப்பு. மறுபுறம் இல்லை என்னும் மறுப்பு. இரண்டுமே தேடலை நிறுத்திவிடக்கூடியவை.

காட்ஃப்ரி-ஸ்மித் வேறுவழி போகிறார். நனவு என்பது விளக்குப்போல ஒரே கணத்தில் ஏற்றப்படுவதன்று. வைகறை புலர்வதுபோலச் சிறிது சிறிதாகத் தோன்றியிருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. உடலை அசைக்கவும், அசைவின் விளைவை உணரவும் தொடங்கிய உயிருக்கு, உலகம் ஒன்று, தான் ஒன்று என்னும் பிரிவு மெல்ல மெல்லத் தேவைப்படுகிறது. வலி, மூச்சுத்திணறல், தாகம் போன்ற எளிய உணர்வுகள் முதலில் தோன்றியிருக்கலாம்; நினைவும் திட்டமும் மொழியும் பின்னர் வந்து அவற்றை மாற்றியமைத்திருக்கலாம். ஆகவே 'மனம் உண்டா இல்லையா' என்று கேட்பதைவிட, 'எவ்வகை, எந்த அளவு' என்று கேட்பதே சரி என்கிறார்.

இந்தக் கொள்கையைக் காட்டிலும் என்னைக் கவர்ந்தது சொல்லாட்சியில் அவர் காட்டும் நாணயம். ஆஸ்திரேலியாவின் ஜெர்விஸ் விரிகுடாவில் ஏறத்தாழ 15 மீட்டர் ஆழத்தில், சிப்பியோடுகள் குவிந்த ஓரிடத்தில் பல ஆக்டோபஸ்கள் நெருங்கி வாழ்வதை 2009இல் மாத்யூ லாரன்ஸ் என்னும் முக்குளிப்பாளர் கண்டறிந்தார். தனித்து வாழும் உயிர் என்று கருதப்பட்டவை அவை. அங்கே ஓர் ஆக்டோபஸ், நீரில் மூழ்கிய மனிதர் ஒருவரின் கையைப் பற்றி, கடலடியில் பத்து நிமிடம் நடத்திச் சென்று தன் வளையருகே நின்றது. நம்மில் ஒருவர் இதை எழுதியிருந்தால், 'வா, என் வீட்டைப் பார்' என்று அதைப் பேசவைத்திருப்போம். இவர் கண்டதைச் சொல்கிறார். சிறு குழந்தை அழைத்துச் சென்றதைப் போன்றிருந்தது என்னும் மனப்பதிவையும் சொல்கிறார். ஆனால் மனப்பதிவைச் சான்றென்று சொல்வதில்லை.

அதே இடத்தில் ஆக்டோபஸ்கள் மணலையும் சிப்பியோட்டையும் கைகளில் அள்ளி, உடலிலிருந்து நீரைப் பீய்ச்சி எறிவதைப் படமெடுத்து, 2022இல் இவரும் உடன் ஆய்வாளர்களும் கட்டுரை வெளியிட்டார்கள். எறிந்தவை சில வேளைகளில் மற்ற ஆக்டோபஸ்களின்மேல் விழுந்தன. சண்டை, சினம் என்று எழுத எவருக்கும் கை துறுதுறுக்கும். அவர்களோ குறிபார்த்து எறிந்ததற்கான சான்றுகளை அடுக்கிக் காட்டிய பின்னும், நோக்கத்தை உறுதிசெய்தல் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறார்கள்.

இந்நிலையில்தான் என் மாணவியின் கேள்விக்கு மிக அருகில் வரும் செய்தியொன்றைச் சொல்ல வேண்டும். ஆக்டோபஸின் வாழ்நாள் மிகக் குறுகியது. பெரும்பாலான இனங்களுக்கு ஓரிரு ஆண்டுகளே. பெண் ஆக்டோபஸ் ஒருமுறை முட்டையிட்டு, இரை கொள்ளாமல் அடைகாத்து, குஞ்சுகள் வெளிவரும் காலத்தில் இறந்துபோகிறது. கலிபோர்னியாவின் மாண்டரே கடற்பகுதியில், ஏறத்தாழ 1,400 மீட்டர் ஆழத்தில் வாழும் ஓரினத்துப் பெண் ஒன்றை ஆய்வாளர்கள் 2007 முதல் 2011 வரை தொடர்ந்து சென்று பார்த்தார்கள். 53 திங்கள் அது ஒரே பாறையில் முட்டைகளைத் தழுவியபடியே இருந்தது. அருகில் நண்டும் இறாலும் வந்தபோதும், அது உண்டதை அவர்கள் ஒருமுறையும் காணவில்லை. நாளுக்கு நாள் உடல் மெலிந்து வெளிறியது.

'தாய்மையின் தியாகம்' என்று உங்கள் உதடுகள் இப்போது முணுமுணுத்திருக்கும். படித்தபோது என் உதடுகளும் முணுமுணுத்தன. ஆனால் 1977இல் வுடின்ஸ்கி என்னும் ஆய்வாளர் வெளியிட்ட முடிவு ஒன்று உண்டு. அடைகாக்கும் பெண் ஆக்டோபஸின் கண்ணருகே உள்ள இரண்டு சுரப்பிகளை அகற்றியபோது, அது அடைகாத்தலை விட்டது, மீண்டும் இரை தின்றது, உடல் தேறியது, கூடுதல் காலம் வாழ்ந்தது. அப்படியானால் தியாகம் எங்கே? சுரப்பியிலா? 'வெறும் சுரப்பிதான், உணர்வேதுமில்லை' என்று உடனே எதிர்ப்பக்கம் தாவுவதும் தவறு. நம் தாய்மையுணர்விலும் சுரப்பிகளுக்குப் பங்குண்டு. அதனால் நம் அன்பு பொய்யாகிவிடவில்லை. அந்த 53 திங்களில் அவ்வுயிருக்கு உள்ளே ஏதோ ஒன்று நிகழ்ந்திருக்கலாம். அதற்குத் தியாகம் என்று பெயரிடும் உரிமை நமக்கு இல்லை என்பதே நான் சொல்ல வருவது.

பெயரில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. மந்திக்குக் கைம்மை உண்டென்று பாடினால், கைம்மை மனிதர் விதித்தது என்பது மறந்துபோய், இயற்கையின் கட்டளைபோல ஆகிவிடுகிறது. குரங்கே கணவன் பின்னால் சாகிறதே என்ற பேச்சுக்கு அது இடம் தருகிறது. கடலடி உயிரைத் தியாகத் தாயாக்கினால், உண்ணாமல் உறங்காமல் தேய்ந்துபோவதே தாய்மை என்ற பாடம் பெண்களுக்குக் கடலிலிருந்தும் வந்து சேர்கிறது. ஏற்றிச் சொல்வதனால் விலங்கு மட்டும் மறைவதில்லை. அந்தச் சுமை திரும்பி வந்து மனிதரில் எளியவர் தலையில் இறங்குகிறது. என் வகுப்பின் கடைசி வரிசைப் பெண்ணுக்கு இது தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

கரவீரனைக் குறைகூறுவதாக எண்ணவேண்டா. அப்பாடலை மீண்டும் மீண்டும் படித்தேன். அதில் இரண்டு வகைச் செய்திகள் இருப்பதை இப்போது காண்கிறேன். குட்டியைச் சுற்றத்திடம் சேர்ப்பது ஒன்று. அனுமன் குரங்கினத்தில் தாயின் குட்டியைக் கூட்டத்திலுள்ள பிற பெண்குரங்குகள் வாங்கிச் சுமப்பதை ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். குட்டி தாய்க்கு மட்டும் உரியதன்று, கிளைக்கும் உரியது என்பதைக் காட்டுக்குள் நின்று பார்த்த கண்ணே சொல்லியிருக்க முடியும். கைம்மையும் அதற்கஞ்சி மலையிலிருந்து பாய்வதும் மற்றொன்று. அது ஊருக்குள்ளிருந்து எடுத்துச் செல்லப்பட்டது. ஒரே பாடலில் கண்டதும் ஏற்றியதும் அருகருகே நிற்கின்றன. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது பாடலின் அழகைக் கெடுக்காது. புலவன் எவ்வளவு கூர்ந்து பார்த்தான் என்பதை அப்போதுதான் மாணவர்க்கு மெய்யாகவே சொல்ல முடிகிறது.

அறியமுடியாததைப் பற்றி இவ்வளவு பேசுவதால் என்ன பயன் என்பார்க்கும் விடை சொல்ல வேண்டும். 2021இல் ராபின் குரூக் என்னும் ஆய்வாளர் ஆக்டோபஸ்களுக்கு எரிச்சலூட்டும் மருந்தைச் செலுத்திப் பார்த்தார். அவை அந்த இடத்தை அலகால் சுரண்டின. அத்துன்பத்தை நுகர்ந்த அறையைப் பின்னர் தவிர்த்தன. மரத்துப்போகச் செய்யும் மருந்து கிடைத்த அறையை விரும்பின. வலி அவற்றுக்கு வெறும் சுருங்கலாக நிற்கவில்லை, நெஞ்சில் தங்கியது என்பதற்கு இது வலுவான சான்று. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த பின், பிரித்தானியாவின் 2022ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் கணவாய் இனங்களையும் நண்டு, இறால் முதலியவற்றையும் உணர்வுடைய உயிர்களாக ஏற்றது. 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் அறிவியலாரும் மெய்யியலாரும் வெளியிட்ட அறிக்கை, உறுதி கிட்டாவிடினும், ஓர் உயிருக்கு உணர்வு இருக்கக்கூடும் என்பதற்கு மெய்யான வாய்ப்பிருந்தால், அதைப் பொருட்படுத்தாமல் முடிவெடுப்பது பொறுப்பாகாது என்கிறது. காட்ஃப்ரி-ஸ்மித்தும் வேறு மூவரும் 2019இலேயே ஆக்டோபஸ்களைப் பண்ணையில் அடைத்து வளர்ப்பதை எதிர்த்து எழுதினார்கள். 2024இல் அமெரிக்காவின் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் அத்தகைய பண்ணைகளைத் தடைசெய்தன. 'தெரியாது' என்ற சொல் இங்கே கையை விரிப்பதற்குப் பயன்படவில்லை. கையைத் தடுத்து நிறுத்தப் பயன்பட்டிருக்கிறது.

கவிஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பத்தாண்டுக் கூட்டங்களில் உங்கள் கவிதைகளில் எத்தனையோ காக்கைகள் பசித்தோர்க்காக அழுதிருக்கின்றன. எத்தனையோ நாய்கள் நன்றியைப் பற்றிச் சொற்பொழிவாற்றியிருக்கின்றன. அவற்றைக் கைதட்டி வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. இனி எழுதும்போது, அந்தக் காக்கையின் எதிரே ஒருநாள் காலை முழுவதும் அமர்ந்து பாருங்கள். உங்கள் சொல் எங்கே முடிகிறது, அதன் வாழ்வு எங்கே தொடங்குகிறது என்ற எல்லை உங்கள் கவிதையில் தெரியட்டும். உவமையைக் கைவிடச் சொல்லவில்லை. காட்ஃப்ரி-ஸ்மித்தே உவமையின்றி எழுதவில்லை. 'போல' என்ற உருபை அவர் நேர்மையாகப் போடுகிறார். உவமவுருபை மறைத்து உருவகமாக்குவதில் நமக்குள்ள வேகத்தைச் சிறிது தணித்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து.

அந்த மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள். எங்கிருக்கிறாள் என்று தெரியவில்லை. இன்று அவள் என் முன்னே எழுந்து நின்றால், அன்று சொல்லத் தவறியதைச் சொல்வேன்: "குரங்குக்குக் கைம்மை இல்லையம்மா. அது நாம் செய்தது. ஆனால் துணை இறந்து கிடப்பதைப் பார்த்து நிற்கும் மந்திக்குள் என்ன நிகழ்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் நிகழவில்லை என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. நல்ல கேள்வி கேட்டாய், உட்கார்."